ஸ்திரீபார்ட்: தமிழ் இசைநாடக மேடையின் பெண்குரல்

தமிழ் இசைநாடகத்தில் கதாநாயகியாக நடித்துப் பாடுபவருக்கு மேடை வழங்கிய பெயர் ஸ்திரீபார்ட். ஐரோப்பிய ஆப்பராவில் உச்சக்குரல் பாடகியான சோப்ரானோவுக்கு உள்ள இடம், தமிழகத்தில் ஏறக்குறைய 1900 முதல் 1940 வரை இவருக்கு இருந்தது. இருவரும் ஒலிபெருக்கியின் துணையில்லாமல் கூட்டத்தின் கடைசி வரிசை வரை குரலைக் கொண்டுசேர்த்தவர்கள். பாட்டிலேயே பாத்திரத்தை நடத்திச் சென்றவர்கள். சோப்ரானோ இசைக் கல்லூரியில் பல ஆண்டுகள் பயின்று மேடையேறுகிறார். ஸ்திரீபார்ட்டுக்குக் கல்லூரி கிடையாது. அதனாலேயே அவருடைய திறமையைப் பிறவி வரம் என்று சொல்லிக் கடந்துவிடுவது இங்கே பழகிப்போயிற்று. அது சரியல்ல. அவருக்கும் கடுமையான பயிற்சி உண்டு. அது நடந்த இடம் நாடகக் கொட்டகை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் தமிழ்நாட்டுக்கு வந்து சென்றன. அவை விட்டுச்சென்ற ஆர்மோனியமும் இந்துஸ்தானி மெட்டுகளும் தமிழ் மேடையில் நிலைத்தன. அந்த மேடைக்கு ஒழுங்கான பாடம் எழுதித் தந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய அவருடைய நாடகங்களில் பாட்டும் விருத்தமும் தர்க்கமும் இரவு முழுதும் நீளும். அவர் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களே பெண் வேடம் கட்டினார்கள். இந்தப் பாலர் கம்பெனிகளில் பயிற்சி கண்டிப்பானது: பாடம் மனப்பாடம் ஆக வேண்டும், சுருதி பிசகக் கூடாது, சொல் மழுங்கக் கூடாது. ஆனால் மகரக்கட்டு உடையும் வயதில் பல சிறுவர்களின் பாட்டு வாழ்க்கை முடிந்துபோனது. பெண்ணின் குரல் அப்படி ஓரிரு ஆண்டில் கைவிடுவதில்லை. பெண்கள் மேடைக்கு வந்ததற்கான காரணங்களில் இதையும் சேர்க்க வேண்டும்.

அவர்கள் வருவதற்குச் சமூகம் எளிதில் வழிவிடவில்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு நாடகக் கம்பெனி நடத்திப் பெரும் புகழ் பெற்றார். சென்னையில் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) வேறு வழியில் போனார். படித்த வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்த அந்தச் சபையில் உரைநடை வசனம் முன்னுக்கு வந்தது. விடியவிடிய நடந்த நாடகம் சில மணி நேரமாகச் சுருங்கியது. பெண் வேடங்களை ரங்கவடிவேலு போன்ற ஆண்களே ஏற்றார்கள். நாடகக்காரனுக்கு மதிப்புத் தேடித் தந்தது அந்தச் சபையின் பெருமை. அந்த மதிப்பில் பாடும் பெண்ணுக்குப் பங்கு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு வழி திறந்தது ஸ்பெஷல் நாடகம். இதில் நிரந்தரக் கம்பெனி கிடையாது. காண்டிராக்டர் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே பேசி அமர்த்துவார். நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் பபூன் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து சேர்வார்கள். ஒத்திகை இல்லை. எல்லோருக்கும் ஒரே பாடம் தெரியும் என்ற நம்பிக்கையில் திரை தூக்கப்படும். வள்ளியாக நிற்பவர் எதிரே நிற்கும் முருகனை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்கலாம். அவர் எந்த ராகத்தில் விருத்தத்தை எடுத்தாலும் தொடர்ந்து பதில் பாட வேண்டும். தர்க்கத்தில் மடக்கினால் அந்த இடத்திலேயே மடக்க வேண்டும். ஆர்மோனியக்காரர் அடியெடுத்துக் கொடுத்துப் பின்பாட்டும் பாடி ஓரளவு தாங்குவார். மற்றபடி காதும் நினைவும்தான் துணை. இரவு பத்து மணி சுமாருக்குத் தொடங்கி விடியும்வரை பாடி, மறுநாள் அடுத்த ஊருக்கு ரயிலேறும் வாழ்க்கை இது. ஒரு பெரிய பாத்திரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஆப்பராப் பாடகிக்குத் தரப்படும் குரல் ஓய்வை இங்கே நினைத்தும் பார்க்க முடியாது.

குரலின் தன்மையில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சோப்ரானோவின் எல்லை பொதுவாக ஏறக்குறைய 262 ஹெர்ட்ஸிலிருந்து அதற்கு இரண்டு ஸ்தாயி மேலே 1,046 ஹெர்ட்ஸ் வரை. அவ்வளவு உயரத்தில் வாயை அகலத் திறந்தால்தான் ஒலி வாத்தியக் குழுவைத் தாண்டி எழும். அப்போது உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து, சொல் தெளிவிழப்பது இயல்பு. தமிழ் மேடைப் பெண்குரல் அங்கே போவதில்லை. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண்ணுக்கு மேல் ஷட்ஜமம் ஏறக்குறைய 392 ஹெர்ட்ஸ், மேல் பஞ்சமம் 587 ஹெர்ட்ஸ். இந்த எல்லைக்குள் நெஞ்சுக் குரலை முழுதாகத் திறந்து பாடினாலும் உயிரெழுத்து கெடாது. தர்க்கத்தைக் கேட்டு ரசிக்க வந்த கூட்டத்துக்குச் சொல் புரியாவிட்டால் நாடகமே இல்லை. உயரத்தை அடைவதற்குச் செலவிடும் உழைப்பை ஸ்திரீபார்ட் சொல்லின் தெளிவுக்குச் செலவிட்டார் என்று கொள்ளலாம்.

இந்த மரபின் உச்சம் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் (1908–1980). வறுமையில் வளர்ந்து ரயிலில் பாடிய சிறுமி என்றே அவருடைய வரலாறுகள் தொடங்குகின்றன. வேலு நாயர் நாடகக் கம்பெனியில் குழந்தை வேடங்களில் பாடத் தொடங்கியவர், 1920களில் இலங்கை மேடைகளில் ஸ்திரீபார்ட்டாக வளர்ந்தார். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அங்கே அவருக்கு ஜோடியானார். கிட்டப்பாவின் குரல் ஆண்களில் அபூர்வமான உச்சம் தொடுவது. பொதுவாக ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒரே ஆர்மோனியச் சுருதியில் பாடும்போது யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். இவர்கள் இருவருக்கும் அந்தத் தேவை எழவில்லை. போட்டி போட்டுப் பாடியதே நாடகத்தின் சிறப்பாயிற்று. 1927-இல் மணம் செய்துகொண்டார்கள். 1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அதன்பின் வெள்ளையுடையே அணிந்தார். ஆணுக்கு ஜோடியாக நடிப்பதையும் விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் ஸ்திரீபார்ட் வாழ்க்கை அங்கே முடிந்திருக்கும். சுந்தராம்பாள் காதல் பாத்திரங்களை விட்டாரே தவிர, குரலை விடவில்லை. 1935-இல் வந்த நந்தனார் படத்தில் ஆண் வேடமான நந்தனாராகவே நடித்தார். எதிரே வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அந்தப் படத்துக்கு அவர் பெற்றதாகச் சொல்லப்படும் ஒரு லட்சம் ரூபாய் அந்நாளில் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. மணிமேகலை (1940), ஔவையார் (1953), பூம்புகார் (1964), திருவிளையாடல் (1965) என்று துறவியும் மூதாட்டியுமாக வந்து, பேச்சைவிடப் பாட்டிலேயே அதிகம் பேசினார். காங்கிரஸ் கூட்டங்களில் அவர் பாட்டுக்காகவே ஜனங்கள் திரண்டார்கள். 1951-இல் சட்ட மேலவை உறுப்பினரானார். துணைவன் (1969) படப் பாடலுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது, 1970-இல் பத்மஸ்ரீ. ஐம்பது வயதைக் கடந்த பிறகும் அந்தக் குரல் தேயாமல் இருந்ததைத் திருவிளையாடலைக் கேட்கும் எவரும் உணரலாம். அத்தனை இரவுகள் கொட்டகையில் பாடிய குரல் அது. பயிற்சி இல்லாத தொண்டை அவ்வளவு காலம் தாங்காது.

அவருக்குப் பின் இதே பாதையில் இன்னொருவர் வளர முடியவில்லை. 1931-இல் பேசும் படமான காளிதாஸ் வெளிவந்ததும் மேடைப் பாடகிகள் சினிமாவுக்குப் போனார்கள். அதன் நாயகி டி. பி. ராஜலட்சுமியே நாடகத்திலிருந்து வந்தவர்தான். அதே பத்தாண்டில் ஒலிபெருக்கி பரவியது. கடைசி வரிசைக்குக் குரலை எட்டவைக்கும் வேலையைக் கருவி ஏற்றுக்கொண்டதும் மேடைச் சுருதி மெல்ல இறங்கியது. பின்னணிப் பாடல் வந்த பிறகு, நடிப்பவரே பாட வேண்டும் என்ற தேவையும் போயிற்று.

மேற்கத்திய ஆப்பராவைப் பயில விரும்பும் இந்தியப் பெண்ணின் பாதை வேறு. மும்பையில் பிறந்த பாட்ரிசியா ரொசாரியோ லண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியில் பயின்று, இசையமைப்பாளர் ஜான் டேவனர் தமக்காகவே பல படைப்புகளை எழுதும் அளவுக்கு உயர்ந்த சோப்ரானோ. பழுதுபார்க்கப்பட்ட மும்பை ராயல் ஆப்பரா ஹவுஸ் 2016-இல் திறந்தபோது அங்கே பாடியவர் அவரே. சென்னையில் மேற்கத்திய சேர்ந்திசைக்கு 1893 முதல் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இருக்கிறது; ஏ. ஆர். ரகுமான் 2008-இல் தொடங்கிய கே. எம். இசைக் கல்லூரியில் மேற்கத்திய வாய்ப்பாட்டும் கற்பிக்கப்படுகிறது. ஸ்திரீபார்ட்டுக்கு இப்படி ஒரு பள்ளி இன்றும் அமையவில்லை. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழாக் காலத்தில் வள்ளி திருமணம் இன்னும் விடியவிடிய நடக்கிறது. வள்ளியாக வரும் பெண்கள் கையில் மைக் இருக்கிறது. பாடத்தை மூத்த நடிகர்களிடமும் ஆர்மோனியக்காரர்களிடமும் வாய்மொழியாகவே கற்றுக்கொள்கிறார்கள்.