யார் நிலத்தில் யார் பூட்டுவது? பிரிட்டனின் சக்கரப் பூட்டுக் கதை

பிரிட்டனில் ஒருவரிடம் சாலை வரி கட்டாத பழைய கார் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தெருவில் நிறுத்தினால் அரசு ஆட்கள் வந்து சக்கரத்தில் பூட்டு மாட்டிவிடுவார்கள். இது எல்லோருக்கும் புரிகிற விஷயம்தான். அதே காரை ஒரு மதுக்கடைக்குப் பின்னால் இருக்கும் தனியார் இடத்தில் நிறுத்தினால்? 2008-க்கு முன்னால் அரசு ஆட்கள் அங்கே பூட்ட முடியாது, இப்போது பூட்டலாம். ஆனால் அந்த இடத்தின் சொந்தக்காரரே அந்தக் காருக்குப் பூட்டுப் போட்டால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றவாளி அவர்தான்!

இந்தத் தலைகீழ் நிலைமை எப்படி வந்தது என்பது சுவாரஸ்யமான கதை.

முதலில் பூட்டைப் பற்றி இரண்டு வரி. இதைக் கண்டுபிடித்தவர் ஃபிராங்க் மருக். அமெரிக்காவின் டென்வர் நகர சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர் (ஆமாம், வயலின்தான்!). டென்வர் போலீஸ் 1955-ல் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. லண்டன் தெருக்களுக்கு அது வந்தது 1983-ல்.

இப்போது வரிக்கு வருவோம். பிரிட்டனில் 1921 முதல் கார் கண்ணாடியில் வட்டமான வரி வில்லை ஒட்ட வேண்டும் என்ற விதி இருந்தது. அப்போது அந்தப் பணம் சாலைகளுக்கென்றே தனி நிதியாக வைக்கப்பட்டது. சர்ச்சில் நிதியமைச்சராக இருந்தபோது அந்த நிதியில் கைவைத்தார். 1937 முதல் வரிப்பணம் நேராக அரசு கஜானாவுக்கே போனது. பெயரில் மட்டும் மக்கள் இன்றும் 'சாலை வரி' என்கிறார்கள்.

ஆனால் பழைய எண்ணம் சட்டத்தின் வாசகத்தில் தங்கிவிட்டது. வரி கட்டாத வண்டியைப் 'பொதுச் சாலையில்' ஓட்டினாலோ வைத்திருந்தாலோதான் குற்றம். சாலையைப் பயன்படுத்துகிறவன் சாலைக்குக் காசு கொடுக்கட்டும் என்ற கணக்கு. அது நியாயமாகத்தான் தெரிகிறது. சிக்கல் என்னவென்றால், வண்டி சாலையில் நின்றதை யாராவது பார்த்திருக்க வேண்டும். பகலெல்லாம் ஓட்டிவிட்டு, இரவில் ஏதாவது ஒரு தனியார் காலி மனையில் நிறுத்திவிட்டால் பூட்டு வண்டியால் எதுவும் செய்ய முடியாது. 1997-ல் வரி கட்டாத வண்டிகளைப் பூட்டவும் இழுத்துப் போகவும் தனி விதிமுறைகள் வந்தன. அவையும் சாலை ஓரத்தோடு நின்றுவிட்டன.

இந்த ஓட்டையை அரசு ஒரே நாளில் அடைக்கவில்லை. 1998 ஜனவரி 31 முதல், வண்டியைச் சாலையில் எடுக்காதவர் அதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். 'சார்ன்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அறிவிப்பு இது. இதற்குக் கட்டணம் கிடையாது. 2004-ல் அடுத்த படி. வரியும் இல்லை, சார்னும் இல்லை என்றால், யாரும் வண்டியைப் பார்க்கவே வேண்டாம், ஸ்வான்ஸீயில் இருக்கும் வாகன உரிமத் துறையின் (டி.வி.எல்.ஏ.) பதிவேடே சாட்சி. 80 பவுண்ட் அபராதக் கடிதம் வீட்டுக்கு வந்துவிடும். வண்டி எங்கே நிற்கிறது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. சாலைக்கான வரி, வண்டியை வைத்திருப்பதற்கான வரியாக மாறியது இந்த இடத்தில்தான்.

அதற்குப் பிறகு 2008-ன் நிதிச் சட்டம் வந்தது. பூட்டும் அதிகாரம் சாலையைத் தாண்டித் தனியார் நிலத்துக்குள்ளும் நுழைந்தது. ஒரே ஒரு வேலி மட்டும் மிச்சம்: வீடு, நகரும் வீடு, படகு வீடு ஆகியவற்றை ஒட்டி, வீட்டோடு சேர்த்து அனுபவிக்கும் இடத்தில் கைவைக்கக் கூடாது. வீட்டு முற்றமும் கார் ஷெட்டும் தப்பித்தன. கடை வாசல், காலி மனை போன்றவை தப்பவில்லை.

ஆங்கிலேயனுக்கு அவன் வீடே கோட்டை என்ற கருத்து 1604-ல் வந்த ஒரு தீர்ப்பிலிருந்து பிரபலமானது. அதே தீர்ப்பு, மன்னரின் வழக்கு என்றால் கேட்டுவிட்டுக் கதவை உடைக்கலாம் என்றும் சொன்னது. பாதியை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்! 2008 சட்டம் கோட்டைச் சுவரை வீட்டு முற்றத்தோடு நிறுத்திக் கொண்டது. யோசித்தால், முற்றம் உள்ளவனுக்குத்தான் இந்தச் சலுகை முழுசாகப் பயன்படும். நான்கு பேர் பங்கு போடும் நிறுத்துமிடத்தில், எது யாருடைய வீட்டோடு சேர்ந்தது என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

இதே காலத்தில் இன்னொரு பக்கம் தனியார் பூட்டுக்காரர்கள் கொழித்துக் கொண்டிருந்தார்கள். ஸ்காட்லாந்தின் உயர் நீதிமன்றம் 1992-லேயே, தனியார் நிலத்தில் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது மிரட்டிப் பணம் பறித்தல், திருட்டு என்று சொல்லி முடித்துவிட்டது. இங்கிலாந்து நீதிமன்றங்கள் வேறு மாதிரி யோசித்தன. அறிவிப்புப் பலகையைப் பார்த்த பிறகும் நிறுத்தினால் சம்மதித்ததாக அர்த்தம் என்றன. 2000-ல் வந்த ஒரு வழக்கில், உடம்பு முடியாமல் காரை நிறுத்தி இறங்கிய ஒரு பெண்ணின் கண்ணில் பலகை படவே இல்லை. வேறொரு வண்டி அதை மறைத்துக் கொண்டு நின்றது. பலகையைப் பார்க்காதவர் சம்மதித்ததாக ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2005 முதல் பூட்டுக்காரர்களுக்கு உரிமம் கட்டாயமானது. அதன் பிறகும் புகார்கள் குறையவில்லை. 2010-ல் உள்துறை இணையமைச்சர் லின் ஃபெதர்ஸ்டோன் தடையை அறிவித்தார். 2012 அக்டோபர் 1 முதல், சட்ட அதிகாரம் இல்லாத யாரும் வண்டியைப் பூட்டுவதும் இழுத்துப் போவதும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமானது.

சட்ட அதிகாரம் யாருக்கு இருக்கிறது? போலீஸ், உள்ளூராட்சி, அப்புறம் டி.வி.எல்.ஏ. நான்கே வருடத்தில் அரசுக்குத் தனியார் நிலம் திறந்தது, நிலத்துக்காரருக்குப் பூட்டு பறிபோனது. இரண்டையும் ஒரே அரசு செய்யவில்லை. 2008-ல் லேபர், 2012-ல் கன்சர்வேடிவ்-லிபரல் கூட்டணி. யாரும் திட்டம் போட்டுச் செய்த மாதிரியும் தெரியவில்லை. வரிக்காரர்கள் ஒரு ஓட்டையை அடைத்தார்கள், உள்துறைக்காரர்கள் ஒரு கொள்ளையைத் தடுத்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது 'தனியார் நிலம்' என்ற சொல்லின் அர்த்தமே மாறிப்போயிருந்தது.

2014 அக்டோபர் 1-ல் கண்ணாடி வில்லையும் ஒழிக்கப்பட்டது. அதனால் தன் இடத்தில் நிற்கும் அந்நியக் காருக்கு வரி கட்டியிருக்கிறதா என்று கடைக்காரர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நம்பரை இணையத்தில் போட்டுப் பார்த்துத் துறைக்குத் தகவல் சொல்லலாம். காருக்கு வரி கட்டியிருந்தால் அதுவும் பயனில்லை. பார்க்கிங் நிறுவனம் ஒன்றை அமர்த்தி அபராதச் சீட்டு அனுப்ப வைக்க வேண்டியதுதான். அதற்கு வண்டிக்காரரின் முகவரி வேண்டுமே? அந்த நிறுவனங்கள் முகவரியை விலைக்கு வாங்குகின்றன, ஒரு பெயருக்கு 2.50 பவுண்ட். விற்பது அதே டி.வி.எல்.ஏ.