பாலாற்றங்கரையின் உடன்பாட்டுச் சொற்கள்

இருவர் ஒரு முடிவுக்கு ஒன்றாக வருவதைக் குறிக்க உடன்பாடு, ஒப்பந்தம், இசைவு, இணக்கம், சமரசம், ராஜி எனத் தமிழில் பல சொற்கள் உண்டு. அகராதிகள் இவற்றுள் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்தாலும், வழக்கில் அவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்பதில்லை. சம்மதிப்பவர் யார், எந்நிலையில் நின்று யாருக்குச் சம்மதிக்கிறார் என்பதே சொல்லைத் தீர்மானிக்கிறது. வேலூர் முதல் வாணியம்பாடி வரை தோல் தொழிலால் பெயர்பெற்ற பாலாற்றுப் பள்ளத்தாக்கு, அறுநூறு ஆண்டுகளாக எழுதப்பட்ட உடன்பாடுகளின் வழியே இவ்வேறுபாட்டைக் காட்டுகிறது.

அவற்றுள் மிகவும் குறிப்பிடத்தக்கது வேலூருக்கு மேற்கே விரிஞ்சிபுரம் கோயிலில் உள்ள 1425ஆம் ஆண்டுக் கல்வெட்டு. விஜயநகர வேந்தர் இரண்டாம் தேவராயர் காலத்தில், படைவீட்டு ராஜ்யத்தைச் சேர்ந்த அந்தணர்கள் கூடி, இனித் தங்களுக்குள் திருமணம் கன்னிகாதானமாகவே நடைபெற வேண்டும் என்றும், பெண்ணுக்குப் பொன் வாங்கும் தந்தையும் பொன் கொடுத்து மணப்பவரும் அரச தண்டனைக்கும் சமூக விலக்குக்கும் உரியவர் என்றும் எழுதிக் கையொப்பமிட்டனர். இந்த ஆவணம் தன்னைச் ‘சமயபத்திரம்’ என்று அழைத்துக்கொள்கிறது. இன்று மதம் என்ற பொருளில் வழங்கும் ‘சமயம்’ இங்கே பலர் கூடி ஏற்ற கட்டுப்பாடு என்ற பொருளில் நிற்கிறது. கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் என நான்கு மொழி வழியினரும் ஒரே ஆவணத்தின் கீழ் வந்தது, வேறுபட்டவர்களிடையே உடன்பாடு எவ்வளவு தெளிவாக எழுதப்பட்டது என்பதற்குச் சான்று. ஆயினும் யாருடைய திருமணத்தைப் பற்றி அது எழுதப்பட்டதோ அந்தப் பெண்களின் சம்மதத்தை அது கேட்கவில்லை என்பதையும் வரலாறு மறக்கலாகாது.

ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி இந்தச் சொற்குடும்பத்தில் ஒரு புதிய கிளையைச் சேர்த்தது. ஒப்பந்தத்தைக் குறித்த ‘கரார்’ தமிழில் கறாராகி, பேரத்துக்கு இடமில்லாத விலையையும் வளைந்து கொடுக்காத மனிதரையும் சுட்டலாயிற்று. சம்மதத்தை எழுதித் தரும் ஆவணமாகிய ‘ராஜிநாமா’, நிலத்தை விட்டுத்தர உழவர் எழுதிக் கொடுக்கும் கடிதமாகி, பின்னர் பதவி விலகலுக்குப் பெயரானது. 1801ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நவாபுகளின் கர்நாடக ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்ற பிறகும் இச்சொற்கள் நீங்கவில்லை. நில உடைமையாளர் தருவது பட்டா, அதன் நிபந்தனைகளை ஏற்றுக் குடியானவர் எழுதித் தருவது முச்சலிக்கை என்ற இரட்டை ஆவண முறை நிலைத்தது. மேலிருந்து வரும் உரிமைக்கும் கீழிருந்து எழும் ஒப்புதலுக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தமை, இரு தரப்பும் சமமானவை அல்ல என்பதை மறைக்காமல் சொன்ன ஏற்பாடாகும்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிடும் பழைய முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தபோது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் அதன் மையங்களாயின. தமிழும் உருதும் பேசும் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் முதலீட்டாளர்களாகவும், தலித் மக்கள் பெருமளவில் உழைப்பாளர்களாகவும் அமைந்த இத்தொழிலில், ‘ஒப்பந்தம்’ என்ற சொல் கூலியோடும் போனஸோடும் பிணைந்தது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவு எண்களே தொழிற்சங்கத்தாரின் வாயில் பெயர்களாயின: நிர்வாகமும் சங்கமும் நேரடியாகச் செய்துகொண்டு கையொப்பமிட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்துவது ‘18(1) ஒப்பந்தம்’, தொழிலாளர் துறை அலுவலரின் சமரச முயற்சியில் உருவாகி, கையொப்பமிடாத தொழிலாளரையும் கட்டுப்படுத்துவது ‘12(3) ஒப்பந்தம்’. இவற்றுக்கு நேர்மாறாக, ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்ற தொடரில் உள்ள ஒப்பந்தம் ஆலைக்கும் ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரருக்கும் இடையிலானது. அதில் தொழிலாளர் ஒரு தரப்பே அல்லர். தமது கையொப்பம் இல்லாத ஒப்பந்தத்தின் பெயரையே தமக்குப் பெயராகச் சுமக்கும் இந்நிலை, இச்சொல்லின் வரலாற்றில் மிக வருந்தத்தக்க திருப்பம்.

‘இசைவு’ என்ற சொல்லின் கதை ஆற்றோடு சேர்ந்தது. சென்னை மாகாணமும் மைசூர் அரசும் 1892இல் செய்துகொண்ட ஒப்பந்தம், பாலாறு உள்ளிட்ட ஆறுகளில் சென்னையின் முன்னிசைவு இல்லாமல் மைசூர் புதிய பாசனப் பணிகளை மேற்கொள்ளலாகாது என்று வரையறுத்தது. கீழ்க்கரையில் இருப்பவரைக் கேட்ட பிறகே மேற்கரையில் இருப்பவர் நீரைத் தொட வேண்டும் என்ற கொள்கை அதில் இருந்தது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்துக்குப் பின் அதே சொல் ‘இசைவாணை’ ஆகி, கழிவுநீரை வெளியேற்றத் தொழிற்சாலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியைக் குறித்தது. இங்கே இசைபவர் வாரியம்; தோல் ஆலைகளின் குரோம் உப்பு கலந்த நீர் இறங்கிய கிணற்றுக்கு உரியவர் இசைந்தாரா என்ற கேள்விக்கு அந்தத் தாளில் இடமில்லை.

அக்கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1996 ஆகஸ்ட் 28 அன்று வெளியான தீர்ப்பு, மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்ற ஆய்வுத் தகவலையும் பதிவு செய்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்ற கணக்கும் அதில் உண்டு. இழப்பீட்டை வரையறுக்க அமைக்கப்பட்ட ஆணையம் 2001இல் தன் முடிவை அளித்தது.

பல மதத்தாரும் பல மொழியினரும் கலந்து வாழும் இவ்வூர்களின் மேடைகளில் மிகுதியாக ஒலிப்பது ‘நல்லிணக்கம்’ என்ற சொல். ஆகஸ்ட் 20ஆம் நாள் அரசு அலுவலகங்களில் அதன் பெயரால் உறுதிமொழியும் எடுக்கப்படுகிறது. இணக்கம் என்பது நாளடைவில் பழகி வருவது; அதற்குக் கையொப்பம் தேவையில்லை. ஆனால் ஒரு தரப்பின் இழப்பு தீர்க்கப்படாதபோது அதனிடம் இணக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. வேலூர்த் தோல் ஆலைகளின் மாசு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு எஞ்சிய இழப்பீட்டை வழங்க வேண்டும் என உத்தரவிட வேண்டியிருந்தது, முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகள் கடந்த பிறகு. இசைவாணை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் கீழ்க்கரை ஊர்களின் கிராம சபைகளையும் அரசு கேட்க வேண்டும். 1892இல் ஓர் அரசு மற்றோர் அரசுக்கு அளித்த அந்த மதிப்பு, பாலாற்று உழவருக்கும் உரியது.