ஸ்டவுட் கருப்பான கதை



மதுவைப் புகழ்வதற்காக எழுதும் பதிவு அல்ல இது. நம் ஊரில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். பிரிட்டனில் 1963 முதல், விற்காமல் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றால், வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை. அங்கே முதன்முதலாக ஸ்டவுட் என்னும் கருப்பு பீரைக் காய்ச்சிப் பார்ப்பவரின் மேசையில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, ஹைட்ரோமீட்டர். மற்றொன்று, கரி போல வறுத்த தானியம். முதல் பொருள் வந்ததால்தான் இரண்டாவது பொருள் தேவைப்பட்டது. அதுதான் இன்றைய கதை.

முளைகட்டி உலர்த்திய பார்லிக்கு மால்ட் என்று பெயர். அதைச் சூடான நீரில் ஊறவைத்தால் இனிப்புச் சாறு இறங்கும். அந்தச் சாற்றை ஹாப்ஸ் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்ப்பார்கள். புதிதாகச் செய்பவருக்கு வரும் முதல் ஆச்சரியம், நாலு கிலோ வெளிர் மால்ட்டுடன் அரைக் கிலோகூட இல்லாத கருப்பு மால்ட் சேர்ந்து மொத்தத்தையும் கருப்பாக்கிவிடுவது. அடுத்த ஆச்சரியம் ஹைட்ரோமீட்டர். தொடக்கத்தில் 1.050 காட்டியது, ஓரிரு வாரத்தில் 1.012 அளவுக்கு இறங்கிவிடும். சர்க்கரை ஆல்கஹாலாக மாறியதற்கு அதுவே சாட்சி.

இனி வரலாறு. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் சுமைதூக்கும் தொழிலாளர்கள் விரும்பிக் குடித்த பீருக்கு போர்ட்டர் என்றே பெயர் வந்தது. அதில் வீரியம் கூடியது ஸ்டவுட் போர்ட்டர். 'ஸ்டவுட்' என்ற சொல் அன்று நிறத்தைக் குறிக்கவில்லை, வலிமையைக் குறித்தது. விறகுத் தீயில் உலர்த்திய பழுப்பு மால்ட்டில் காய்ச்சியதால் போர்ட்டருக்கு அடர்நிறம் கிடைத்தது.

1784இல் ஜான் ரிச்சர்ட்சன் என்பவர், ஹைட்ரோமீட்டரைக் கொண்டு மால்ட் சாற்றை அளக்கும் முறையை நூலாக வெளியிட்டார். அளந்து பார்த்த ஆலைக்காரர்களுக்கு அதிர்ச்சி. விலை மலிவு என்று வாங்கிய பழுப்பு மால்ட், வெளிர் மால்ட்டைவிடக் கணிசமாகக் குறைந்த சர்க்கரையையே தந்தது. கணக்குப் போட்டால் வெளிர் மால்ட்தான் லாபம். எல்லோரும் அதற்கு மாறினார்கள்.

ஆனால் நிறம் போய்விட்டதே! வாடிக்கையாளர் கருப்பைத்தான் கேட்டார். எனவே கருக்கிய சர்க்கரை போன்ற சாயங்கள் உள்ளே வந்தன. அதோடு நிற்கவில்லை. மால்ட்டைக் குறைத்துவிட்டுப் போதைக்காகச் சிலர் சேர்த்தது என்ன தெரியுமா? நம் பக்கத்துக் காடுகளில் விளையும் காக்காய்க்கொல்லி விதை! மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்ட நஞ்சு அது. ஃபிரெடரிக் அக்கும் என்ற வேதியியலாளர் 1820இல் எழுதிய கலப்படம் பற்றிய நூலில் இதை அம்பலப்படுத்தினார்.

அதற்கு முன்பே, 1816இல், மால்ட்டும் ஹாப்ஸும் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் வந்தது. சாயத்துக்கும் தடை. மறு வருடமே, 1817இல், டேனியல் வீலர் என்பவர் ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். காப்பிக்கொட்டை வறுப்பதுபோல, சுழலும் இரும்பு உருளையில் மால்ட்டைக் கருக வறுத்தார். அதுவும் மால்ட்தான், ஆகவே சட்டத்துக்கு உட்பட்டது. கொஞ்சம் சேர்த்தாலே போதும், பீர் கருப்பாகிவிடும். 1819இல் நீதிமன்றம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்ததால், அது எல்லோருக்கும் பொதுவானது. டப்ளினின் கின்னஸ் ஆலையும் அந்த வழிக்கு வந்தது.

நம் ஊர்ப் பால்மானியை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கலந்ததை அது காட்டிக்கொடுத்தது. உடனே சர்க்கரையைப் போட்டு அதையும் ஏமாற்றினார்கள். கருவி அளவை மட்டுமே சொல்லும். அதைத் தெரிந்துகொண்டபின் ஒருவர் காக்காய்க்கொல்லியைத் தேடிப் போகிறார், இன்னொருவர் வறுக்கும் உருளையைச் செய்கிறார். வகுப்பில் அடர்த்திப் பாடம் நடத்தும் ஆசிரிய நண்பர்கள் இந்தக் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே.

அன்புடன், உங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்.