ராமேஸ்வரத்துச் சங்கு யாருக்காக எடுத்தது?

ஒகேனக்கல்லுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கையில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. மீன் வறுவலை அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள்; எண்ணெய் மசாஜை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் எங்கள் பென்னாகரம் பக்கம் ராமேஸ்வரம் போய்ட்டு வந்த வீடு எதுன்னு ஷோகேஸைப் பார்த்தே சொல்லிடலாம். பெயர் பொறித்த சங்கு ஒண்ணு, சோழி ஒட்டிய கண்ணாடி ஒண்ணு நிச்சயம் இருக்கும். கருப்பட்டியும் வாங்கியிருப்பாங்க, அது ஒரு மாசத்துல தீர்ந்திருக்கும்.

தீவுக்குப் போனால் எதையாவது வாங்கி வரணும் என்ற பழக்கம் புதுசு இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து எடுத்துப் போன பழைய பொருட்களில் ஒன்றுக்கு விலையே கிடையாது: மணல். காசி யாத்திரையை முறையாகச் செய்கிறவர்கள் சேதுக்கரை மணலை எடுத்துப்போய்ப் பிரயாகை திரிவேணி சங்கமத்தில் கரைப்பார்கள். அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. போகும்போது மணல், வரும்போது தண்ணீர். கடைக்காரருக்கு இதில் ஒரு பைசா லாபமில்லை.

சங்கு அப்படி அல்ல. அதற்கு எப்போதும் விலை இருந்தது. அந்த விலையைக் கொடுத்தவர்களில் ராமேஸ்வரம் பக்தர்கள் ஒரு சிறு பகுதிதான் என்பதே என் கட்சி.

நாம் ஊதுகிற, பூஜையில் வைக்கிற பால் சங்கின் அறிவியல் பெயர் டர்பினெல்லா பைரம். மன்னார் வளைகுடாவின் மணல் தரையில் வாழும் பிராணி அது. முத்துக்குளிக்கிற கரையில் சங்கும் குளித்தார்கள். சங்க இலக்கியத்தில் கொற்கையைப் பேசுமிடத்தில் முத்தும் வளையலும் சேர்ந்தே வரும். காதலன் பிரிவால் மெலிந்த பெண்ணின் கையிலிருந்து வளை கழன்று விழுவதாகப் புலவர்கள் திரும்பத் திரும்பப் பாடினார்களே, அந்த வளைகளில் பெரும்பாலானவை சங்கை அறுத்துச் செய்தவை. நக்கீரர் சங்கறுக்கும் குலத்தவர் என்பது நம்ம ஊர் மரபுக்கதை. கொற்கையில் மட்டுமல்ல, கடலே தெரியாத கொடுமணலிலும் அகழாய்வில் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஈரோடு மாவட்டம், நொய்யல் கரை. மன்னார் வளைகுடா எங்கே, நொய்யல் எங்கே! இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே சங்கை யாரோ அவ்வளவு தூரம் உள்நாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பிற்காலத்தில் அறுக்கிற தொழில் தமிழ்நாட்டில் அருகிப்போனது. குளிக்கிற தொழில் மட்டும் நின்றது, சரக்கு வங்காளத்துக்குக் கப்பலேறியது. வங்காளத்து இந்துப் பெண்ணுக்குக் கல்யாணமானதற்கு அடையாளம் சாக்கா என்ற வெள்ளைச் சங்கு வளையல்; நம்ம ஊர்த் தாலி மாதிரி. டாக்காவில் சாங்காரி பஜார் என்று ஒரு தெருவே இந்தத் தொழிலாளர்களின் பெயரால் இருக்கிறது. அரைவட்ட இரும்பு ரம்பத்தைக் கையால் இழுத்து, சங்கை வட்டம் வட்டமாக அறுப்பார்கள். வளையல் மணிக்கட்டில் ஏறணுமே, அதனால் சங்கின் விட்டம்தான் விலையைத் தீர்மானித்தது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் சங்கைக் கடலிலேயே திருப்பிப் போடணும்னு விதி வைத்திருந்தார்கள். அதற்கு இரக்கம் காரணமில்லை, அடுத்த வருஷச் சரக்கு குறையக் கூடாதே என்ற கணக்குதான்.

தூத்துக்குடிப் பக்கச் சங்குக் குளிப்பு டச்சுக்காரர்கள் காலத்திலிருந்தே அரசாங்கத்தின் கையில். ராமநாதபுரம் கடலில் உரிமை சேதுபதிகளுக்கு. அதைக் குத்தகைக்கு விட்டார்கள். சென்னை மாகாண மீன்வளத்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தச் சங்கைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி 1914-இல் வெளியிட்டார். அதே 1914-இல்தான் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதுவரை மண்டபத்திலிருந்து படகில் கடலைக் கடந்து வந்த யாத்ரீகர்கள் ரயிலிலேயே தீவுக்கு வர ஆரம்பித்தார்கள். 1988-இல் சாலைப் பாலமும் வந்தபிறகு டூரிஸ்ட் பஸ்கள். கோயிலைச் சுற்றி இன்று நாம் பார்க்கிற சங்குக் கடை வரிசைக்கு இந்த இரண்டு பாலங்களும் ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

கடைக்குள் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம்.

முதலாவது வலம்புரி. சங்கின் கூர் உச்சியை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கிற மாதிரி பிடித்தால் சாதாரணச் சங்கின் வாய் வலது பக்கம் இருக்கும். வலம்புரியில் இடது பக்கம். (பேரு வலம்புரி, வாய் இடது பக்கமான்னு கேட்காதீங்க. பூஜையில் வைக்கிற மாதிரி உச்சியைக் கீழே திருப்பினால் வலது பக்கம் வந்துவிடும்.) நம்ம பால் சங்கில் இப்படிப் பிறப்பது மிக மிக அபூர்வம். ஆனால் அமெரிக்கக் கரையோரம் பஸிகான் என்றொரு நத்தை இருக்கிறது. அதில் ஓர் இனத்துக்கு இடதுபக்கச் சுழற்சிதான் இயல்பு. டெக்சாஸ் மாநிலத்தின் அதிகாரபூர்வ சிப்பியே அதுதான். இதை வலம்புரின்னு சொல்லிப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். கண்டுபிடிக்க லேப் எல்லாம் வேண்டாம். வாய்க்குள் நடுத்தண்டைப் பாருங்கள்: நம்ம சங்கில் மூணு நாலு மடிப்புகள் வரிசையாகப் புடைத்திருக்கும். அமெரிக்கக்காரனில் வழவழன்னு இருக்கும். அவ்வளவுதான்.

இரண்டாவது கொஞ்சம் சீரியஸ். 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள், கடல்குதிரை, கடல் அட்டை இவற்றோடு சில சங்கு, சிப்பி வகைகளையும் சேர்த்தார்கள். நாட்டிலஸ், கொம்புத் தலைக்கவசம் போன்ற பெரிய சங்கு எல்லாம் அதில் வரும். பால் சங்கு அந்தப் பட்டியலில் இல்லை, தாராளமாக வாங்கலாம். பவளத் துண்டை மட்டும் யார் நீட்டினாலும் தொடாதீர்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 குட்டித் தீவுகள் இருந்தன. 1986-இல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வருஷக்கணக்கில் வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில். அலையைத் தடுக்கிற சுவரையே எடுத்துவிட்டால் மணல் எத்தனை நாளைக்கு நிற்கும்?

சாப்பாட்டுச் சாமானில் என் ஓட்டு கருப்பட்டிக்கு. ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கப் பனை. கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கி, காய்ச்சி, கொட்டாங்குச்சியில் ஊற்றி எடுப்பதால்தான் அந்த அரைவட்ட வடிவம். ஓலைக் கொட்டானில் கட்டிக் கொடுத்தால் கொட்டானோடு வாங்குங்கள். கருப்பட்டி தீர்ந்த பிறகும் எங்க வீட்டுக் கொட்டானில் பூண்டு போட்டு வைத்திருக்கிறோம், நாலு வருஷமாச்சு.