மேல் உருளையின் தோல்

கோவில்பட்டி என்றதும் கடலைமிட்டாய், தீப்பெட்டி, கி.ரா. என்றுதான் நம் நினைவு ஓடும். பருத்தி இவை மூன்றுக்கும் மூத்தது. 1901இல் அங்கே தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கருங்கண்ணி ரகங்களுக்கு ஊர்ப் பெயரின் முதல் எழுத்தையே வைத்து கே-1, கே-2 என்று பெயரிட்டார்கள். கரிசல் எழுத்தில் பருத்திக்காடு நிறைய வரும். மில்லுக்குள் போன பஞ்சு என்ன ஆகிறது என்பது, நான் வாசித்தவரை, குறைவுதான்.

கருங்கண்ணி இழை ஓர் அங்குலம்கூட வராது. ரிங் ஃப்ரேமில் பஞ்சுப் புரியை மூன்று ஜோடி உருளைகள் இழுத்து மெலிதாக்குகின்றன. பின் ஜோடியைவிட முன் ஜோடி இருபது, முப்பது மடங்கு வேகமாகச் சுற்றும். கீழ் உருளை வரி வெட்டிய இரும்பு. மேல் உருளை மெத்தென்று இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இழை நசுங்கும், இல்லையென்றால் வழுக்கும்.

அந்த மெத்தைக்கு ஒரு காலத்தில் ஆட்டுத்தோல். கம்பளித் துணிக்கு மேல் தோலைக் குழாய்போல ஒட்டி மாட்டுவார்கள். லங்காஷயரில் இதற்கென்றே தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள். தோலில் ஒட்டு இருக்குமே! உருளை ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் அந்த ஒட்டு நூலில் ஒரு தடம் பதிக்கும்.

ரப்பர் போட்டால் என்ன? இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். பஞ்சில் மெழுகு உண்டு, மெஷினில் எண்ணெய் உண்டு. விடை வேறெதற்கோ நடந்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது. ஜெர்மனியில் எரிக் கொன்ராடும் எட்வர்ட் ச்சுங்கூரும் காப்புரிமை பெற்ற நைட்ரைல் ரப்பர் அது. பியூட்டாடையீனோடு அக்ரிலோநைட்ரைல் சேர்ந்தது. அக்ரிலோநைட்ரைல் கூடக்கூட எண்ணெய் உள்ளே நுழையாது, ஆனால் ரப்பர் விறைத்துப்போகும். எல்லாமே இந்தப் பேரம்தான். பெட்ரோல் குழாய்க்கும் விமான எரிபொருள் தொட்டிக்கும் பயன்பட்ட பொருள், ஒட்டே இல்லாத உறையாக நூற்பாலைக்கும் வந்தது. மில்லில் அதன் பெயர் காட்ஸ்.

காட்ஸின் கடினத்தை ஷோர் எண்ணில் சொல்வார்கள். அறுபதுகளில் இருந்தால் மிருது: பிடி நன்றாக இருக்கும், நூல் சீராக வரும், சீக்கிரம் தேயும். எண்பதுக்கு மேல் போனால் உழைக்கும், ஆனால் பிடி தளரும். பிடி தளர்ந்தால் நூலின் தரம் குறையும், அறுப்பும் கூடலாம். அறுந்த ஒவ்வொரு இழையையும் சைடர் நடந்துபோய்த்தான் ஒட்ட வேண்டும். ஆயிரம் கதிர் ஓடும் ஃப்ரேமில், ஒரு பெண் ஷிஃப்டுக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்கிறாள் என்பதில் இந்த எண்ணுக்கும் பங்கு உண்டு. கொள்முதல் ஆபீசில் காட்ஸின் விலையைப் பேசுகிறவர்கள் இந்த நடையையும் கணக்கில் சேர்ப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பஞ்சு காட்ஸைச் சுற்றிக்கொள்வதை லாப்பிங் என்கிறார்கள். அவசரத்தில் பிளேடால் அறுத்து எடுத்தால் ரப்பரில் கீறல் விழும், அடுத்த பஞ்சு அதிலேயே சிக்கும். கொக்கியால் நிதானமாக எடுக்கணும். அந்த நிதானத்துக்கு நேரம் யார் கொடுப்பது?

தேய்ந்த காட்ஸை பஃபிங் மெஷினில் ஒரு மயிரிழை சீவிப் புதுசாக்குவார்கள். சீவச் சீவ விட்டம் குறையும். முன் வரிசைக்கு ஆகாது என்றானதும், வேகம் குறைந்த பின் வரிசைக்கு மாற்றி, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவார்கள்.