கேட்டில் நிற்கும் மனிதரின் கதை

காலேஜுக்குள் நுழைந்ததும் நாம் முதலில் பார்ப்பது பிரின்சிபாலை இல்லை, ஹெச்.ஓ.டி.யையும் இல்லை. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியைத்தான். "ஐடி கார்டை மாட்டுப்பா", "வண்டியை அந்தப் பக்கம் போடு", "பெல் அடிச்சு பத்து நிமிஷம் ஆச்சு"... மூன்று வருடத்தில் நமக்கும் அவருக்கும் நடக்கிற பேச்சு மொத்தமே இவ்வளவுதான். இவர் யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுகிறார் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? பதில் சுலபம் என்று நினைத்துத்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பார்த்தால், கதை ஒரு பிணத் திருட்டில் ஆரம்பிக்கிறது!

அமெரிக்காவில் தனக்கென்று போலீஸ் வைத்துக்கொண்ட முதல் பல்கலைக்கழகம் யேல். அது இருக்கும் ஊர் நியூ ஹேவன். 1800களில் அங்கே மருத்துவ மாணவர்களுக்கு அறுத்துப் பார்த்துப் படிக்க உடல்கள் வேண்டியிருந்தன. நேர்வழியில் கிடைத்ததோ மிகக் குறைவு. 1824 ஜனவரியில் பக்கத்து ஊர் கல்லறையில் புதைத்த ஓர் இளம்பெண்ணின் உடல் காணாமல் போனது. தேடியபோது மருத்துவக் கல்லூரியின் நிலவறையில், தரைக்கற்களுக்கு அடியில் கிடைத்தது. ஊர் கொதித்து எழுந்தது. நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் நாமும் கையில் கல்லோடுதான் போயிருப்போம்.

அதோடு முடியவில்லை. 1854ல் ஒரு நாடகக் கொட்டகையில் மாணவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் தகராறு. ஊர்க் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் கத்திக்குத்தில் விழ, மாணவர்கள் ஓடிப்போய் கல்லூரிக்குள் கதவடைத்துக் கொண்டார்கள். ஊர் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு பீரங்கிகளை இழுத்து வந்து கல்லூரியைப் பார்த்து நிறுத்தினார்கள்! வெடிப்பதற்குள் காவலர்கள் வந்து தடுத்துவிட்டார்கள். நம்ம ஊரில் பஸ் டே தகராறையே பெரிதாகப் பேசுகிறோம். :-)

(இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. யேல் என்ற பெயரே நம் சென்னையிலிருந்து போனதுதான். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் 1718ல் அந்தக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பினார். சரக்கை விற்றதில் சுமார் 562 பவுண்டு வந்தது. அந்தத் தொகைக்கு முந்நூறு வருடமாகப் பெயர் நிலைத்திருக்கிறது. விளம்பரச் செலவு என்று கணக்கு எழுதினால் இதைவிட லாபமானது எதுவும் இருக்காது. ஊழல் புகாரில்தான் அவர் கவர்னர் பதவியை இழந்தார் என்பது வேறு விஷயம்.)

1894ல் பிணம் தோண்டும் வதந்தி மறுபடி கிளம்பி, மாணவர்களுக்கும் ஊருக்கும் போலீசுக்கும் இடையில் நிலைமை முற்றியது. கடைசியில் நகர போலீசிலிருந்து இரண்டு பேரை கேம்பஸுக்கென்றே ஒதுக்கினார்கள். வில்லியம் வைசர், ஜேம்ஸ் டானலி. விரும்பிக் கேட்டு வந்தவர்கள் இருவரும். சில வருடத்தில் பல்கலைக்கழகமே அவர்களை நேரடியாக வேலைக்கு எடுத்துக்கொண்டது. வைசர் தலைமை அதிகாரி ஆனார். 1914ல் தன் அனுபவங்களை 'யேல் மெமரீஸ்' என்று புத்தகமாகவே எழுதினார். ஆக, முதல் கேம்பஸ் காவலர் வந்தது திருடனைப் பிடிக்க இல்லை. சண்டை போடும் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்க.

இந்த நடுவில் நிற்கும் வேலை மற்ற கல்லூரிகளுக்குப் பரவவில்லை. அடுத்த ஐம்பது, அறுபது வருடங்களுக்குப் பெரும்பாலான இடங்களில் இருந்தவர் வெறும் வாட்ச்மேன். ராத்திரி கதவைப் பூட்டுவது, பாய்லரைப் பார்ப்பது, எங்காவது தீப்பிடித்தால் கத்துவது. கட்டடப் பராமரிப்புத் துறைக்குக் கீழேதான் அவருக்குச் சம்பளம். அதாவது கணக்குப் புத்தகத்தில் அவர் குழாய் ரிப்பேருக்குப் பக்கத்து வரி.

1966 ஆகஸ்ட் 1 எல்லாவற்றையும் மாற்றியது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு சார்லஸ் விட்மன் என்ற மாணவன் வண்டியில் வந்தான். ஒரு பேராசிரியருக்குச் சாமான் இறக்க வேண்டும் என்று சொன்னான். செக்யூரிட்டி 40 நிமிட பார்க்கிங் அனுமதிச் சீட்டு கொடுத்தார். பெட்டிக்குள் இருந்தது துப்பாக்கிகள். கோபுரத்தின் உச்சியில் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கீழே போனவர்களைச் சுட்டான். பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மேலே ஏறி அவனை முடித்தவர்கள் ஊர் போலீஸ்காரர்கள், கூடவே ஒரு புத்தகக் கடை ஊழியர். அந்தச் சீட்டைக் கொடுத்தவரைப் பற்றித்தான் எனக்கு நினைப்பெல்லாம். அவர் விதிப்படி கேட்டார், விதிப்படி கொடுத்தார். அந்த வேலையில் வேறு என்ன செய்திருக்க முடியும்? அடுத்த வருடமே, 1967ல், பல்கலைக்கழகங்கள் சொந்தமாக போலீஸ் வைத்துக்கொள்ள டெக்சாஸ் சட்டம் போட்டது.

பிறகு கென்ட் ஸ்டேட். 1970 மே 4. வியட்நாம் போரை எதிர்த்துக் கூடிய மாணவர்களை நோக்கி நேஷனல் கார்ட் வீரர்கள் 13 வினாடி சுட்டார்கள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள். வெளியிலிருந்து துப்பாக்கிப் படை வருவதைவிட, பையன்களின் முகம் தெரிந்த சொந்த ஆட்கள் இருப்பது மேல் என்ற எண்ணம் பல பல்கலைக்கழகங்களில் வலுத்தது. வாட்ச்மேன் முழு போலீஸ்காரர் ஆனார்: பயிற்சி, துப்பாக்கி, கைது செய்யும் அதிகாரம்.

கையில் துப்பாக்கி வந்தபின் பழைய கேள்வி திரும்பி வந்தது. 2015 ஜூலை 19, சின்சினாட்டி. பல்கலைக்கழக போலீஸ்காரர் ஒருவர் கேம்பஸுக்கு வெளியே, ஊர் ரோட்டில், ஒரு காரை நிறுத்தினார். முன்பக்கம் நம்பர் பிளேட் இல்லையாம். ஓட்டி வந்தவர் சாமுவேல் டுபோஸ், கறுப்பினத்தவர், கையில் ஆயுதம் இல்லை. சில நிமிடப் பேச்சு முற்றி, தலையில் சுட்டுக் கொன்றார். கார் தன்னை இழுத்துக்கொண்டு போனது என்றார் அவர். அவர் உடம்பில் மாட்டியிருந்த கேமரா பதிவைப் பார்த்த அரசு வழக்கறிஞர் அதை ஏற்கவில்லை. கொலை வழக்கு போட்டார். இரண்டு முறை விசாரணை நடந்தும் ஜூரிகள் ஒருமித்த தீர்ப்புக்கு வரவில்லை. 2017ல் வழக்கு கைவிடப்பட்டது.

1894ல் ஊருக்கும் கல்லூரிக்கும் நடுவில் நிற்க வந்த ஆள், 2015ல் கல்லூரியின் பக்கத்திலிருந்து ஊருக்குள் போயிருந்தார். நம் கேட்டில் தடியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் இதற்கும் தூரம் அதிகம்தான், ஆனால் மாணவர்களை விட்டுவிட்டு வெளியே இருக்கிறவரை மட்டும் சந்தேகமாகப் பார்க்கச் சொல்லும்போது அந்தத் தூரம் கொஞ்சம் குறைகிறது என்று எனக்குப் படுகிறது.

2016 ஜனவரியில் பல்கலைக்கழகம் டுபோஸ் குடும்பத்தோடு சமரசம் செய்துகொண்டது. 48.5 லட்சம் டாலர், வளாகத்தில் ஒரு நினைவுச் சின்னம், அவருடைய 12 பிள்ளைகளுக்கும் அதே பல்கலைக்கழகத்தில் இலவசப் பட்டப்படிப்பு.