கூரையில்லா ஊர் சிலீவ்மோர்



அயர்லாந்தில் 'டவுன்லேண்ட்' என்று ஒரு சொல் உண்டு. பெயரைக் கேட்டதும் ஏதோ பட்டணம் என்று நினைத்துவிட வேண்டாம். அது நிலத்தின் மிகச் சிறிய பிரிவு. ஓர் ஓடையோ கல்வேலியோ அதற்கு எல்லை. உள்ளே சில வீடுகள், கொஞ்சம் வயல், கொஞ்சம் மேய்ச்சல் நிலம், அவ்வளவுதான். இப்படி 60,000க்கும் மேற்பட்டவை அங்கே உண்டு. அவற்றில் ஒன்றுதான் சிலீவ்மோர். 'பெரிய மலை' என்று பொருள்.

மேற்குக் கடலோரம் மேயோ மாவட்டத்தில் அக்கில் என்றொரு தீவு. அங்கே 671 மீட்டர் உயரமான அந்த மலையின் தென்சரிவில், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்குக் கல்வீடுகள் நிற்கின்றன. எண்பதுக்குக் குறையாது. ஒன்றிலும் கூரை இல்லை, ஆளும் இல்லை. மேலே இருக்கும் கற்கல்லறைகளைப் பார்த்தால் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் வாழ்ந்தது தெரியும். அப்படிப்பட்ட ஊர் ஏன் காலியாச்சு?

முதலில் வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். ஒரே அறை. ஒரு பக்கம் அடுப்பு, குடும்பம், மறுபக்கம் மாடு. மாட்டைக் கட்டிய வளையக் கற்கள் சில சுவர்களில் இன்றும் இருக்கின்றன. இதைக் கேட்டு மூக்கைப் பொத்த வேண்டாம்! அந்தக் குளிரில் மாட்டின் உடற்சூடும் வீட்டுக்கு உதவியது. வயலைத் துண்டு துண்டாக்கி, நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லாருக்கும் கிடைக்கும்படி பங்கிட்டுக்கொண்டார்கள். கடற்பாசியைச் சுமந்து வந்து எருவாகப் போட்டு, வரப்பு வரப்பாக உருளைக்கிழங்கு நட்டார்கள். ஆனால் நிலம் அவர்களுடையதல்ல. நிலக்கிழாருக்குக் குத்தகை கட்டணும்.

1845இல் கிழங்குச் செடியில் கருகல் நோய் விழுந்தது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப் போச்சு. 1852 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் அயர்லாந்து முழுவதும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் அதிகமானோர் கப்பலேறினார்கள். அதே காலத்தில் தானியமும் கால்நடையும் அயர்லாந்திலிருந்து ஏற்றுமதியாகிக் கொண்டுதான் இருந்தன!

பஞ்சத்துக்கு முன்பே, 1830களில், எட்வர்ட் நாங்கிள் என்ற புராட்டஸ்டண்ட் பாதிரியார் மலையின் மறுபுறம் குடியிருப்பும் பள்ளிகளும் அமைத்திருந்தார். பஞ்சத்தில் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைத்தது. கத்தோலிக்க மக்களோ, சோற்றைக் காட்டி மதம் மாற்றுவதாகக் குற்றஞ்சாட்டினார்கள். அவர் பலரின் பசியைத் தீர்த்தது உண்மை. ஆனாலும் பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள்? அதைச் சுதந்திரமான தேர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1850களின் தொடக்கத்தில் அந்த மிஷனே தீவின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கி, நிலக்கிழார் ஆனது.

ஊர் ஒரே நாளில் காலியாகவில்லை. பலர் டூவா கடற்கரைக்கு இறங்கினார்கள். அங்கே மீனும் கடற்பாசியும் கைக்கெட்டும் தூரத்தில். சிலர் அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்குப் போனார்கள். தீவிலேயே தங்கியவர்களுக்கும் குத்தகைக்குக் காசு வேண்டுமே! பிள்ளைகள் ஸ்காட்லாந்துக்குக் கிழங்கு தோண்டப் போனார்கள். கிழங்கு அழுகி நொந்துபோனவர்களின் பேரப்பிள்ளைகள், பிறர் நிலத்தில் கிழங்கு தோண்டினார்கள். 1894இல் அப்படிப் புறப்பட்டவர்களின் படகு கவிழ்ந்து 32 பேர் மூழ்கினர். 1937இல் கிர்கின்டில்லக் என்ற ஊரில், அவர்கள் படுத்திருந்த கொட்டகை இரவில் எரிந்து, சிறுவர்களும் இளைஞர்களுமாக 10 பேர் இறந்தனர்.

இத்தனைக்கும் பிறகு சிலீவ்மோர் முழுதாகச் சாகவில்லை. கோடைக்காலத்தில் டூவா மக்கள் மாடுகளை மேலே ஓட்டிவந்து, பழைய வீடுகளிலேயே தங்கி, பால் கறந்து, வெண்ணெய் எடுத்தார்கள். 'பூலி' என்ற இந்த வழக்கம் 1940கள் வரை நடந்தது.

1991 முதல் தொல்லியல் மாணவர்கள் அங்கே தோண்டி ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். தோண்டாமலே தெரிவதும் உண்டு. மாலை வெயில் சாய்வாக விழும்போது, சரிவு முழுக்க அந்தப் பழைய கிழங்கு வரப்புகள் கோடு கோடாக எழுந்து நிற்கும்.